நிலாவெளித் தூண்டில் படகு: ஆளுக்கு ஐந்து நட்சத்திரம், ரீலுக்கு ஒன்று

படகுக்காரரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நிலாவெளிக் கரையில் இறங்கி நடந்தால் "புறாத்தீவா, டொல்பினா, தூண்டிலா" என்று கேட்டுக்கொண்டு நாலு பேர் கிட்ட வருவார்கள். அதில் தூண்டிலுக்குக் கூட்டிப்போகிற பைபர் படகுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு, நல்லதும் ஒரே மாதிரி, குறையும் ஒரே மாதிரி. நாங்கள் போனது அதில் ஒன்று, அவ்வளவுதான். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆளுக்காகப் போங்கள், சாமானை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

நான் திருகோணமலை ரவுணில் பிறந்து வளர்ந்தவன். சின்னதில் டச் பே கரையில் சோடாப் போத்தலில் சுற்றிய தங்கூசியும் (நைலோன் தூண்டில் கயிறு) ஒரு ஈயக்குண்டுமாக நின்று மீன் பிடித்தவனுக்கு, காசு கொடுத்து மீன் பிடிக்கப் போவது என்பதே கொஞ்சம் வெட்கமான விஷயம். ஆனால் வெள்ளவத்தையில் இருந்து மச்சான் வந்து நின்றான். கையில் ஆளுயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் பொப்பிங் றோட், பைக்குள் அவனுடைய ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு ரீல். வீடியோ பார்த்துப் பார்த்துப் பழுத்தவன். கரையில் நின்று முரல் பிடிக்கலாம் வா என்று அவனைக் கூப்பிட முடியாது, சரி போவோம் என்று கேட்டுப் பார்த்தோம்.

விலை 24,000 ரூபாய். விடிய 5 மணியிலிருந்து 10 மணி வரை, நாலு பேர் வரை ஏறலாம், எண்ணெய், இரை, ஐஸ், றோட், பிளேன்ரீ எல்லாம் அதற்குள். கூடுதல்தான், ஆனால் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆக ஒரே தாவலில் ஏறினதை மறந்துவிட்டு விலை பேச எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மணித்தியாலம் எஞ்சின் ஓடினால் எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தவன் பேரம் பேச மாட்டான். மச்சான் பேசினான், குறையவில்லை.

போனது ஜூன் மாதம், கச்சான் காலம். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நவம்பரில் இருந்து ஜனவரி வரை வாடைக்காற்று நேரே எங்கள் கரைக்கு முகம் காட்டும், அப்போது கடல் தொழிலுக்கே உதவாது, தூண்டிலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மார்ச்சில் கடல் படுக்கத் தொடங்கும். நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்தில் அப்போதிலிருந்து கடல் கெட, அங்கத்தைய ஆட்கள் இங்கே வந்து வாடிக் குடிசை போடுவதும் அதனால்தான். மேக்குப் பிறகு கச்சான். அது தரையில் இருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று, அதனால் கரையில் நின்று பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரித் தெரியும். இதில்தான் ஏமாறுவது. கரைக்குக் கிட்டக் காற்றுக்கு அலை எழுப்ப இடம் இல்லை, நாலு கிலோமீற்றர் வெளியே போனால் அதே காற்று குத்துக் குத்தாக அலை எழுப்பும், அதோடு போகும்போது காற்று பின்னால் தள்ளும், வரும்போது நெஞ்சில் அடிக்கும். போன நேரம் இருபது நிமிடம் என்றால் வருகிற நேரம் ஒரு மணித்தியாலம் ஆகலாம். எண்ணெய்க் கணக்கு இதை வைத்துத்தான் போட வேண்டும்.

இதை எங்கள் படகுக்காரர் முதல் நாள் இரவு போனிலேயே சொன்னார், நான் கேட்காமலே. இறக்கக்கண்டிப் பக்கத்து ஆள், ஐம்பது தாண்டியிருக்கும், நான் நானா என்றுதான் கூப்பிட்டேன். "தம்பி, நாலே முக்காலுக்குக் கரையில நிக்கணும். அஞ்சரைக்கு வந்தா நான் போக மாட்டன், காசும் வேணாம்" என்றார். சுற்றுலாக்காரரோடு பேசுகிற குரல் இல்லை அது, தொழிலுக்கு ஆள் எடுக்கிற குரல். அங்கேயே அவருக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன்.

நாலே முக்காலுக்கு நின்றோம். நானா, அவருடைய மருமகப் பையன், நாங்கள் இரண்டு பேர். படகு சுத்தம். இருக்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, குறுக்குப் பலகை, மேலே வெயிலுக்குக் கூடாரம் இல்லை. இருந்தால் தூண்டில் வீச ஏலாது என்றார், அது சரிதான். இருட்டோடு கிளம்பி புறாத்தீவை விலத்தி வெளியே போனோம். மச்சான் உடனே றோட்டை எடுத்தான். நானா கையை நீட்டித் தடுத்தார். 2003 இல் இருந்து அது தேசியப் பூங்கா, தீவு மட்டும் இல்லை, சுற்றியுள்ள கடலும் சேர்த்துத்தான், அதற்குள் தூண்டில் போட்டுப் பிடிபட்டால் படகு போய்விடும். எல்லை எங்கே முடிகிறது என்று அவருக்கு இருட்டிலேயே தெரிந்திருந்தது. சில படகுக்காரர் வெளியூர்க்காரருக்குக் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் அப்படி இல்லை.

கிழக்கு வெளுக்கிற நேரம் ஆலாக்கள் தெரிந்தன. ஒரு இருபது முப்பது, தண்ணீருக்கு மேல் ஒரு இடத்தில் விழுந்து விழுந்து எழும்புகின்றன. கீழே தண்ணீர் கொதிக்கிற மாதிரி. நெத்தலிக் கூட்டத்தைச் சூரை கீழே இருந்து அடிக்கிறது. இந்த இடத்தில்தான் நல்ல படகுக்காரனுக்கும் மற்றவனுக்கும் வித்தியாசம். தெரியாதவன் நேரே எஞ்சினைத் திருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போவான், மீன் முழுக்க அடியில் போய்விடும், பிறகு அரை மணித்தியாலம் பறவையைத் துரத்த வேண்டியதுதான். நானா வளைத்துப் போய்க் காற்றுப் பக்கமாக, கூட்டம் நகர்கிற திசைக்கு முன்னால் ஒரு ஐம்பது மீற்றரில் எஞ்சினை நிறுத்தினார். காற்று எங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய்க் கிட்ட விட்டது. "இப்ப எறிங்க. நடுவுல எறியாதீங்க, ஓரத்துல."

எறிந்தோம். மச்சான் எறிந்தான் என்று சொல்ல வேண்டும். 30 கிராம் இரும்பு ஜிக், அதாவது மீன் மாதிரியான உலோக இரை, விழுந்த உடனே வேகமாகச் சுற்ற வேண்டும், சூரைக்கு மெதுவாக வருகிற எதுவும் உணவாகத் தெரியாது. இரண்டாவது எறியிலேயே அவனுக்கு ஏறியது. ரீல் பாட்டுப் பாடிக்கொண்டு கயிறு ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு எனக்கும் கை துறுதுறுத்தது.

என் கையில் இருந்தது படகு றோட். இனிக் குறையைச் சொல்கிற நேரம்.

அந்த ரீலின் பெயர் எழுத்து அழிந்துபோய் இருந்தது, அதனால் எந்தக் கம்பனியையும் குறை சொல்ல வழியில்லை. கைப்பிடியைத் திருப்பினால் பழைய தையல் மெசின் மாதிரிக் கரகரத்தது. கயிற்றைப் பிடித்துவிடும் வளையக் கம்பி இருக்கிறதல்லவா, எறிந்த பிறகு கைப்பிடியைச் சுற்றினால் அது தானாக மூட வேண்டும். மூடவில்லை. கையால் தட்டி மூட வேண்டும். அந்த ஒரு செக்கனில் கயிறு தளர்ந்து சுருண்டு விழும். முதல் எறி சுருண்டது. இரண்டாவது எறி, கயிறு வழிகாட்டி வளையத்தில் சிக்கியது. குனிந்து பார்த்தால் நுனியில் இருந்து மூன்றாவது வளையத்தின் உள்ளே வெள்ளைப் பீங்கான் மாதிரி இருக்குமே, அது கழன்று போய் வெறும் துருக் கம்பி, அதில் கயிறு உரசி மயிர் மயிராக நிற்கிறது. மூன்றாவது எறியில் ஒரு சூரை எடுத்தது, பத்து மீற்றர் இழுத்தது, அந்த மயிர் நின்ற இடத்தில் அறுந்தது. அதற்குள் பறவைகள் அரைக் கிலோமீற்றருக்கு அங்கால். மச்சானுக்கு ஐந்து சூரை. எனக்குப் பூச்சியம்.

நானா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது றோட்டை எடுத்து நீட்டினார். அதற்கு வளையங்கள் இருந்தன, கைப்பிடி ஆடியது.

வெயில் ஏறினதும் மேல் மீன் அடங்கிவிடும், பிறகு அடி மீன். பாருக்குப் போனோம். பார் என்றால் கடலடியில் கல்லும் முருகைக்கல்லுமாகக் கிடக்கிற மேடு. நானாவிடம் போனில் ஜிபிஎஸ் புள்ளி இருக்கிறது, ஆனால் அவர் போனைப் பார்த்துவிட்டுக் கரையைப் பார்த்தார். ஒரு ஹோட்டல் கூரையும் பின்னால் நிற்கிற ஒரு மலை முனையும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருகிற கோடு, அதை வெட்டுகிற இன்னொரு கோடு. இருபது பாகம் ஆழம் என்றார், அதாவது 36 மீற்றர் அளவு. முதலில் தூண்டில் போடவில்லை, ஒரு ஈயத்தை மட்டும் இறக்கிப் பார்த்தார், விரலில் கயிற்றை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு. "மேல் நீர் வடக்க போகுது, கீழ் நீர் நிக்குது. நல்லம்." எங்கள் கடலில் பெருக்கும் வத்தும் பெரிய விஷயம் இல்லை, பறுவத்திலும் அமாவாசையிலும்கூட முக்கால் மீற்றரைத் தொடாது, அதனால் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற மாதிரி வத்துப்பெருக்கு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஆழக்கடலில் நேரம் பார்ப்பது இங்கே வீண் வேலை. நீரோட்டம்தான் கணக்கு. மேலேயும் கீழேயும் வேறு வேறு பக்கம் ஓடினால் கயிறு வயிறு வைத்து வளைந்து நிற்கும், மீன் கடிப்பதே கைக்குத் தெரியாது, எத்தனை ஈயம் கட்டினாலும் சரிவராது. அன்றைக்கு நீர் நின்றது எங்கள் அதிர்ஷ்டம்.

இரை கணவாய்த் துண்டும் பாதியாக வெட்டின சூடையும். இரை நல்ல இரை, அதில் குறை சொல்ல ஏலாது, முதல் நாள் இரவு பிடித்த கணவாய், கண் இன்னும் தெளிவாக இருந்தது. பையன் கணவாயை விரலளவு நீளத்தில் வெட்டித் தோலோடு ஒரு முனையில் மட்டும் தூண்டில் முள்ளில் ஏற்றினான், மிச்சம் வால் மாதிரி ஆட வேண்டுமாம். நான் இத்தனை வருசம் கணவாயை உருண்டையாகச் சுருட்டி முள்ளை முழுக்க மறைத்து ஏற்றிக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை எனக்குக் கிளாத்தி மட்டுமே வந்தது.

கிளாத்தி அன்றும் வந்தது. சின்ன வாய், கிளி மாதிரிப் பல்லு, இரையைத் தின்றுவிட்டு வெறும் முள்ளை அனுப்பும். அது கடிக்கத் தொடங்கினால் படகை நகர்த்துவதுதான் ஒரே வழி, அடம்பிடித்து இருந்தால் இரைதான் முடியும். நானா இரண்டு தரம் நகர்த்தினார், கேட்காமலே. மூன்றாவது இடத்தில் விளை மீன். ஒரு கடி, டக் டக், பிறகு றோட் வளைந்து தண்ணீருக்குள் மூக்கை விட்டது.

இங்கே ஒரு நுணுக்கம். படகில் இருந்தது வட்ட முள், நுனி உள்நோக்கி வளைந்தது. அதற்கு மீன் கடித்தவுடன் வெட்டி இழுக்கக் கூடாது, இழுத்தால் வாயில் இருந்து வழுக்கி வந்துவிடும், சும்மா கயிற்றை இறுக்கிச் சுற்றினால் மீனின் வாய் ஓரத்தில் தானாகக் கொழுவும். மச்சான் ஒவ்வொரு கடிக்கும் கோடாலி வீசுகிற மாதிரி றோட்டைத் தூக்கினான், நாலு மீன் போன பிறகுதான் நிறுத்தினான். எனக்கு இது பழக்கம், அதனால் அந்த ஆடுகிற கைப்பிடியோடும் நாலு விளை எடுத்தேன். நானாவோ றோட் எதையும் தொடவில்லை. இடது கை ஆள்காட்டி விரலில் சைக்கிள் ரியூப்பில் வெட்டின ஒரு வளையம், அதன் மேல் தங்கூசி, முழங்கையைப் படகு ஓரத்தில் வைத்துக்கொண்டு ஏதோ யோசிக்கிற மாதிரி இருந்தார். ஆறு விளை, இரண்டு கலவாய். கலவாய் கடித்தால் முதல் இரண்டு பாகம் மூச்சு விடாமல் இழுக்க வேண்டும், இல்லையென்றால் கல்லுக்குள் போய்ச் செவுளை விரித்துக்கொண்டு இருந்துவிடும், பிறகு கயிற்றை அறுக்கத்தான் வேண்டும். அவர் அந்த இரண்டு பாகத்தை இழுத்த வேகத்தைப் பார்த்தபோது, முன்னே பின்னே அசையாத மனிதன் திடீரென்று எழும்பி ஓடுகிற மாதிரி இருந்தது.

போகிற வழியில் இன்னொரு பாரைக் காட்டி, அங்கே ஒன்றும் இல்லை, வெடி போட்டது என்றார். டைனமைட். திருகோணமலைக் கடலுக்கு இது பழைய நோய். ஒரு நிமிடத்து மீனுக்காக முருகைக்கல்லை உடைத்துவிட்டுப் போனால் அந்தக் கல்லில் மறுபடி மீன் குடியிருக்க எத்தனை வருசம் ஆகும் என்று யார் நினைக்கிறார்கள். நானா அதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை, எனக்கும் தோண்டிக் கேட்க மனம் இல்லை.

எட்டரை மணிக்கு அறக்குளா பார்க்கலாம் என்று மெதுவாகப் படகை ஓட்டிக்கொண்டு பின்னால் இரண்டு செயற்கை மீனை இழுத்தோம். அறக்குளா பல்லு பிளேட் மாதிரி, தங்கூசி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அறுக்கும், கம்பி வேண்டும். ஆனால் இந்த மாதத்தில் தண்ணீர் தெளிவு, தடிச்ச கம்பியைக் கண்டால் திரும்பிவிடும், அதனால் மெல்லிய ஒற்றைக் கம்பி ஒரு முழம் போதும். நானா அதைத்தான் கட்டினார். அடித்தது, என் பக்கம். முதலில் ஒரு சீலா, மூன்று கிலோ வரும், ஏற்றினோம். அடுத்த அடி வேறு. றோட் பிடியில் இருந்து பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு இழுவை, பின்னால் அறுபது மீற்றரில் வெள்ளியாக ஒரு நீளம் தண்ணீருக்கு மேல் எழும்பி விழுந்தது, எல்லோரும் கண்டோம், அறக்குளா, எப்படியும் ஆறேழு கிலோ. ரீல் கயிறு விட வேண்டும். விடவில்லை. மீன் இழுக்கும்போது கயிற்றை அளவாக விடுகிற டிராக் இறுகிப்போய் இருந்தது. உள்ளே இருக்கிற வட்டத்தகடுகள் உப்பில் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டன, மேலே குமிழைத் தளர்த்தினால் அது சும்மா சுற்றுகிறது, சுருளோ கல் மாதிரி. நாலு செக்கன். டப்.

மீன் போனது கவலை இல்லை, போகிற மீன் போகத்தான் செய்யும். ஆனால் டிராக்கைக் கயிற்றின் பலத்தில் காற்பங்கு, கூடினால் மூன்றில் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டு மீனை ஓடவிட்டுக் களைக்கப் பண்ணுவதுதான் றோட்டில் பிடிப்பதன் முழு விளையாட்டே. அது வேலை செய்யாத ரீலைத் தருவதற்குப் பதில் நானாவின் விரல் ரியூப் ஒன்றை எனக்கும் வெட்டித் தந்திருக்கலாம், விரலாவது கயிறு விட்டிருக்கும். 24,000 வாங்குகிற சேவை இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதற்கு மன்னிப்பு இல்லை.

பாதுகாப்பு அங்கிகளும் அதே கதைதான். நாலு இருந்தன, ஒன்றின் பூட்டு உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. போட்டுக்கொண்டோம். உங்களுக்குப் பூட்டு இல்லாததை நீட்டினால் வாங்காதீர்கள், கரையில் வைத்தே மாற்றித் தரச் சொல்லுங்கள், வெளியே போன பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

ஒன்பது மணிக்கு மச்சான் பொப்பர், அதாவது தண்ணீர் மேலே இழுக்கிற செயற்கை மீன், எறிய வேண்டும் என்று நின்றான். அவன் வந்ததே அதற்குத்தான், வெளிநாட்டுக்காரர் ஜீ.ரீ. என்று கொண்டாடுகிற பெரிய பாரைக்கு. ஆனால் அதற்கு அவன் முதலில் பிரெயிட் கயிற்றையும் தடித்த தலைக்கயிற்றையும் எஃப்ஜி முடிச்சில் சேர்க்க வேண்டும், ஆடுகிற படகில் குனிந்து இருந்து அதைப் போட இருபது நிமிடம் எடுத்தான், நிமிரும்போது முகம் பச்சை. வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கல் முனைப் பக்கம் கொண்டுபோய் விட்டார். அலை கல்லில் அடித்து வெள்ளை நுரையாகத் திரும்புகிற இடத்துக்கு நேரே எறிந்து, பொப்பர் தண்ணீரைத் துப்புகிற மாதிரி இழுத்து, நிறுத்தி, இழுத்து. ஏழாவது எறியில் பின்னால் ஒரு கறுப்பு நிழல் எழும்பி வாயைத் திறந்தது, தண்ணீர் வெடித்தது, அது தவறவிட்டது. மச்சான் கத்திய கத்தல் குச்சவெளிக்குக் கேட்டிருக்கும். பத்து நிமிடத்தில் நானா எஞ்சினைப் போட்டார். "கச்சான் இறங்குது. போவம்." இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறதே என்றால், காசு வேண்டுமானால் குறைத்துத் தாருங்கள் என்றார்.

காற்று வந்ததா? வந்தது, ஆனால் அவர் முகத்தை வைத்துக்கொண்ட அளவுக்கு இல்லை. நனைந்தோம், குதித்தோம், முக்கால் மணித்தியாலத்தில் கரை. இன்னும் பதினைந்து நிமிடம் நின்றிருக்கலாம் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனாலும் அதற்காக நான் நட்சத்திரம் குறைக்கவில்லை, பயந்த படகுக்காரனோடு பத்துத் தரம் போவேன், பயம் இல்லாதவனோடு ஒரு தரமும் மாட்டேன். மச்சான் குறைப்பான். காசை முழுக்கத்தான் கொடுத்தோம்.

மீனைப் பற்றி. ஏறும் முன்னமே மீன் யாருக்கு என்று பேசிவிடுங்கள், இது படகுக்குப் படகு வேறு. எங்களுக்கு எல்லாம் எங்களுக்கே என்றார், நாங்கள் இரண்டு சூரையைப் பையனிடம் கொடுத்தோம். இங்கே இன்னொரு குறை, ஐஸ் காணாது. ஒரு சின்னப் பெட்டியில் பாதி. விளையும் கலவாயும் தாங்கும், சூரை தாங்காது. சூரை வகை மீன் வெயிலில் சூடாகிக் கிடந்தால் அதில் ஒரு நஞ்சு ஊறும், கெட்ட மணம்கூட வராது, சமைத்தாலும் போகாது, தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு தடித்துத் தலை இடிக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். சூரை வந்தால் உடனே செவுளை வெட்டி இரத்தத்தை விட்டு ஐஸில் புதையுங்கள், நிலாவெளிச் சந்தியில் ஐஸ் கட்டி வாங்கி உங்கள் பெட்டியிலேயே கொண்டுபோவது நல்லது.

பிளேன்ரீ நல்லம். தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் நானாவின் வீட்டில் இருந்து வாழையிலையில் சுற்றி வந்தது, அது பேச்சில் இல்லாதது, போனஸ். உப்புக் கையோடு நடுக்கடலில் கட்டைச்சம்பல் தின்ற ருசியை எழுத வெளிக்கிட்டால் இது வேறு மாதிரி முடியும், விடுவோம்.

காலம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மார்ச் கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை போகலாம், எனக்குப் பிடித்தது ஏப்ரல், காற்றே இராது, ஆனால் வெயில் தோலை உரிக்கும். அந்த மாதங்களில் திமிங்கிலமும் தெரியும், கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி வெளியே போவதால் ஆழம் கரைக்குக் கிட்ட வந்துவிடுகிறது, அதனால்தான் பெரிய மீனுக்கும் நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. ஒக்டோபருக்குப் பிறகு யாராவது "கடல் நல்லாத்தான் கிடக்கு" என்று கூப்பிட்டால் வானிலை அறிக்கையைப் பாருங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரை ஏறினது குச்சவெளிக்குக் கிட்டத்தான். மாரியில் கை அரித்தால் கிண்ணியாப் பாலத்துப் பக்கமோ இறக்கக்கண்டிப் பக்கமோ இறாலை உயிரோடு முள்ளில் ஏற்றிக்கொண்டு போய் நில்லுங்கள். அங்கே மட்டும் பெருக்கைப் பார்க்க வேண்டும், களப்புக்குள் நீர் ஏறுகிற நேரம் கொடுவாவும் செப்பலியும் வரும். மகாவலி கலங்கி மண்ணிறமாக இறங்குகிற நாட்களில் மூதூர்ப் பக்கம் வீண்.

கொண்டுபோக வேண்டியது: உங்கள் றோட், உங்கள் ரீல், வீட்டிலேயே கட்டிய கயிறு, ஐஸ், தொப்பி, குமட்டல் குளிசையை முதல் நாள் இரவே. பேத்தை மீன் வந்தால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், அது நஞ்சு, அதைச் சமைக்கத் தெரியும் என்று சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

கரைக்கு வந்த பிறகு அந்த ரீல் கதையை நானாவிடம் நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. படகின் முன்பக்கத்து அணியத்துக்குக் கீழே இருந்து ஒரு உரப் பையை இழுத்து எடுத்தார், உள்ளே இன்னும் மூன்று ரீல், எல்லாம் வெள்ளைக்காரர் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம், பை அடியில் உப்புத் தண்ணீர் நின்றது. அதில் பரவாயில்லை என்று பட்டது ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பல் விளக்கும் பிரஷால் தேய்த்து, டிராக் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கிரீஸ் வைத்து, வளையக் கம்பிக்கு ஒரு ஸ்பிரிங் தேடிப் போட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. புதுசு மாதிரிச் சுற்றியது. போன வாரம் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு தரமும் கரைக்கு வந்தவுடன் டிராக்கை இறுக்கிக்கொண்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்லிக் காட்டியும் கொடுத்தேன். நானா கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார், காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டார். "வடிவா இருக்கு தம்பி" என்றார். பிறகு குனிந்து அதே உரப் பைக்குள் போட்டு அணியத்துக்குக் கீழே தள்ளிவிட்டார், நங்கூரத்துக்குப் பக்கத்தில்.